பூட்டிக்கொண்ட ஏழு நிமிஷம்

கல்யாணமாகி முப்பத்துமூன்று வருஷத்தில் என் வீட்டுக்காரர் என்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னது ஒரே ஒரு தடவைதான். அதுவும் மைக்கில், ஊரார் முன்னால். அதை நான் போனில் வீடியோவாகப் பிடித்து வைத்திருந்தேன். அந்தப் போன்தான் ஒரு நாள் பூட்டிக்கொண்டு திறக்கமாட்டேன் என்றது.

அவர் பேசுகிற ஆள் இல்லை. நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டில் ஃபிட்டர். அந்தச் சத்தத்தில் வேலை பார்க்கிறவர்கள் வீட்டுக்கு வந்தால் ஒன்று கத்துவார்கள், இல்லை வாயே திறக்கமாட்டார்கள். எனக்கு வாய்த்தது இரண்டாவது ரகம். குழம்பு நன்றாக இருந்தால் இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்வார். அதுதான் எனக்குக் கிடைக்கும் சர்டிபிகேட். நானோ தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி. எங்கள் வீட்டில் ஒரு ரசத்தைப் பற்றி நாலு பேர் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசுவோம். அவர் கம்மாபுரம் பக்கம். வந்த புதிதில் அவர் 'கினு' போட்டுப் பேசுவதை நான் கேலி செய்து செய்தே, பேசுகிற கொஞ்சத்தையும் அவர் குறைத்துக்கொண்டாரோ என்று எனக்கு இப்போதும் ஒரு சந்தேகம் உண்டு.

அவர் ரிட்டயர் ஆன அன்று செக்‌ஷனில் வழியனுப்பு விழா. வழக்கம்போல வீட்டம்மாவையும் பிள்ளைகளையும் கூப்பிட்டிருந்தார்கள். சென்னையிலிருக்கும் மகளுக்கு லீவு கிடைக்கவில்லை, நான் மட்டும் போனேன். மாலை, சால்வை, மிக்ஸர், காப்பி, அதற்குப் பிறகு மேளத்தோடு க்வார்ட்டர்ஸ் வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். நடுவில் அவரை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நன்றி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்துத்தான் போனை எடுத்தேன். மனுஷன் ஏழு நிமிஷம் பேசினார். அதில் நாலு நிமிஷம் தொண்டையைச் செருமியது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் மூன்று நிமிஷம் என்னைப் பற்றி.

"இத்தினி வருஷத்துல ஒரு நாளு கூட நான் ஷிஃப்ட்டுக்கு லேட்டா வந்தது கெடையாது. அதுக்குத்தான் சால்வ போட்டுகினு இருக்கீங்க. இது எனக்குப் போட வேண்டிய சால்வ இல்ல. விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்து ஆக்கி, டப்பா கட்டி, என்ன எழுப்பி வுட்டாங்க பாருங்க, அவங்களுக்குப் போட வேண்டியது. அந்த டப்பாவுல சாப்ட்ட சாப்பாடுதான் நானு."

டப்பா என்றதும் கூட்டம் முழுக்கக் கொல்லென்று சிரித்தது. யாரோ என்னவோ கத்தினார்கள், அவரும் என்னவோ பதில் சொன்னார். எனக்கு அதெல்லாம் கவனத்தில் ஏறவில்லை. கண்ணைத் துடைக்கப் போய், போன் எங்கேயோ திரும்பிவிட்டது. வீடியோவில் பாதி நேரம் மேலே சுற்றுகிற ஃபேனும், முன்வரிசைக்காரர் பிடரியும்தான் தெரியும். குரல் மட்டும் கணீரென்று கேட்கும். வேறு யாராவது எடுத்தார்களா என்று பிறகு விசாரித்தேன். சால்வை போடும்வரை எடுத்தவர்கள் எல்லோரும், அவர் மைக்கைப் பிடித்ததும் இவர் என்ன பேசிவிடப் போகிறார் என்று காப்பி குடிக்கப் போய்விட்டார்களாம்.

க்வார்ட்டர்ஸைக் காலி செய்து மந்தாரக்குப்பத்துக்குக் குடிவந்தோம். புது வீடு பார்க்க வருகிறவர்களுக்கு முதலில் காப்பி, அடுத்து வீடியோ. வீட்டை அப்புறம் காட்டலாம், எங்கே ஓடிவிடப் போகிறது? வீடியோ ஓடத் தொடங்கியதும் அவர் நெளிவார். "அத்த நிறுத்தேன்" என்பார். யாரும் இல்லாதபோது, "மைக்குல ஏத்தி வுட்டா நாலு வார்த்த சொல்லத்தான் வேணும். அதுக்குன்னு ஊரு பூரா போட்டுக் காட்டுவியா?" என்பார். சொன்னதே மைக்குக்காகத்தான் என்கிறார் பாருங்கள்! ஒரு நாள் கோபத்தில், "நீ அசந்த நேரம் பாத்து அழிச்சிடறன், பாரு" என்று சொல்லிவிட்டார்.

சும்மா சொன்னதுதான். ஆனால் நான் விடுவேனா? அன்று மத்தியானமே போனுக்குப் பூட்டுப் போட உட்கார்ந்தேன். அடுக்களைத் தரையில் பாத்திர மூட்டைகளுக்கு நடுவில் இருந்தேன். பரணில் ஏற்ற வேண்டியதையெல்லாம் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தேன், அவருடைய டிபன் டப்பா உள்பட. விரல் ரேகை வைப்பதற்கு முன்னால் ஒரு நாலு எண் போடு என்றது போன். சட்டென்று ஒரு யோசனை. மைன்ஸில் அவருக்கென்று கொடுத்திருந்த டோக்கன் நம்பரையே போட்டுவிட்டேன். தன் நம்பரை வைத்தே தன்னைப் பூட்டுவாள் என்று எந்தப் புருஷன் நினைப்பான்? எனக்கே என் சாமர்த்தியத்தை மெச்சிக்கொள்ளத் தோன்றியது.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் விரலை வைத்தால் போதும், திறந்துகொண்டது. நம்பரைத் தொடவே இல்லை.

பூட்டிக்கொண்ட அன்று அவருடைய சித்தப்பா மகனும் மனைவியும் கம்மாபுரத்திலிருந்து வந்திருந்தார்கள். காப்பி கொடுத்தேன், வீடியோவைப் போட்டேன். "இது எனக்குப் போட வேண்டிய சால்வ இல்ல" என்ற இடத்தில் இவர் எழுந்து வந்து போனைப் பிடுங்கி, பக்கவாட்டுப் பட்டனை நசுக்கு நசுக்கென்று நசுக்கினார். போன் அணைந்துபோனது. திரும்பப் போட்டால், விரலெல்லாம் செல்லாது, நம்பரைக் கொண்டுவா என்கிறது.

"அதனால என்ன?" என்றேன். பதறவே இல்லை. அந்த நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை, கண்ணுக்குத்தான் பழக்கம். ஆனால் நம்பருக்குச் சொந்தக்காரர் எதிரிலேயே நிற்கிறாரே. "ஏங்க, உங்க டோக்கன் நம்பரைச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"சொல்லுங்க, சொல்றேன்."

"முப்பத்தெட்டு பதினேழு" என்றார்.

போட்டேன். தப்பு என்றது. என் விரல்தான் தடுமாறியது என்று நிதானமாக மறுபடி 3817 போட்டேன். மறுபடியும் தப்பு. அவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "செடிக்குத் தண்ணி ஊத்தல" என்று தோட்டத்துக்குப் போய்விட்டார். காலையில் தண்ணீர் ஊற்றிய அதே முருங்கைச் செடிக்கு.

சரி, வேறு ஏதோ நம்பரைத்தான் போட்டிருக்கிறேன், எனக்குத்தான் புத்தி பிசகிவிட்டது என்று முடிவுகட்டினேன். பழைய க்வார்ட்டர்ஸ் நம்பரைப் போட்டேன். கல்யாணம் ஆன வருஷம், மகள் பிறந்த வருஷம், கேஸ் புத்தகத்தின் கடைசி நாலு எண், ஒன்றுக்கும் மசியவில்லை. அரை நிமிஷம் பொறு என்றது. பிறகு இன்னும் கொஞ்ச நேரம் பொறு என்றது. நான் வாங்கிய போன், எனக்கே பொறுமையைச் சொல்லித் தருகிறது. விருந்தாளிகள் வீடியோவின் மிச்சத்தைப் பார்க்காமலே கிளம்பிப் போனார்கள்.

அவருடைய பட்டன் போனில் சென்னையிலிருக்கும் மகளைக் கூப்பிட்டேன்.

"அம்மா, பேக்கப் இருக்கா?"

"அது என்னடி?"

"மெமரி ஃபுல்னு போன் கேட்டிருக்குமே, அப்ப என்ன பண்ணின?"

"என்னென்னமோ கேட்டுச்சு. எல்லாத்துக்கும் வேணாம்னு அழுத்தினேன்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், "எனக்கு வீடியோதானடி வேணும், உன் சிரிப்பு வேணாம்" என்று கத்தினேன். அப்புறம்தான் அவள் குரல் மாறியது. கடையில் கொடுத்தால் ரீசெட் செய்து தருவார்கள், போன் பிழைத்துவிடும், ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும் என்றாள். "எனக்கு அனுப்பியிருக்கலாமேம்மா" என்றாள். அனுப்பிப் பார்த்தேன், ஏழு நிமிஷம் போகமாட்டேன் என்றது. அதோடு, அவள் பொங்கலுக்கு வரும்போது பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டலாம் என்றும் ஒரு ஆசை. அதை அவளிடம் சொல்லவில்லை.

அடுத்த நாலு நாள் போனை இடுப்பை விட்டு இறக்கவில்லை. குளிக்கப் போகும்போதுகூடக் கொடியில் துணிக்கு அடியில் வைத்துவிட்டுப் போவேன். ஏதாவது ஒரு நம்பர் ஞாபகம் வரும், ஓடிவந்து போடுவேன். தப்பு. இவரோடு சண்டை போடவும் தோன்றவில்லை. அவர் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டார், நான் எடுத்துக் காயவைத்தேன். பேப்பரைத் தரையெல்லாம் விரித்துப் படித்தார், நான் தாண்டிப் போனேன். நாலாம் நாள் மனுஷனுக்குப் பயம் வந்துவிட்டது.

"இன்னா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்றார், சாப்பிட்டுக்கொண்டே.

அவ்வளவுதான், எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "போன் நாசமாப் போகட்டும். எனக்குப் போன் வேணாம். அந்த வீடியோ போச்சுன்னா நீங்க சொன்னதே இல்லைன்னு ஆயிடும். இப்பவே மைக்குக்காகச் சொன்னேன்னு சொல்றீங்க. இன்னும் பத்து வருஷம் போனா எனக்கே சந்தேகம் வந்துடும். நீங்க என்ன, திரும்பச் சொல்லவா போறீங்க?"

அவர் காதைச் சொறிந்தார்.

"சரி, இப்ப ஒரு தடவை சொல்லுங்க. மைக் இல்லாம. நான் கேட்டுக்கறேன், வீடியோ போனா போகட்டும்."

சோற்றைப் பிசைந்தார். தட்டைப் பார்த்தார். கடைசியில், "சாம்பார் நல்லா இருக்குது" என்றார்.

அன்றைக்கு நான் வைத்திருந்தது ரசம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு இரண்டு பேரும் கடைத்தெருவுக்குப் போனோம். கேஸ் பதிவு செய்ய வேண்டும், மகளோடு முகம் பார்த்துப் பேச வேண்டும், எத்தனை நாளைக்குக் கல்லைக் கட்டிக்கொண்டு திரிவது? மொபைல் கடையை நடத்துவது ஒரு பெண். எங்கள் மகள் வயதுதான் இருக்கும். போனைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அணைத்துப் போட்டால் விரல் செல்லாது, நம்பர்தான் வேண்டும் என்று விளக்கினாள். அணைத்த ஆளை நான் திரும்பிப் பார்த்தேன். அவர் தொங்குகிற சார்ஜர்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"ரீசெட் போட்டுடறேன்மா. போட்டோ, வீடியோ எல்லாம் போயிடும். பரவாயில்லையா?"

"ம்" என்றேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. அப்புறம் கேட்டா யாராலயும் எடுத்துத் தர முடியாது."

"போடும்மா" என்று சொல்லிவிட்டுத் தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். கடைக்காரப் பெண் முன்னால் அழுதால் நன்றாகவா இருக்கும்?

"கொஞ்சம் இரும்மா" என்றார் இவர்.

திரும்பினேன். போன் அவர் கையில் இருந்தது. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு எண்ணாகப் பார்த்துப் பார்த்து நாலு தடவை அழுத்தினார். டிக் என்று திறந்துகொண்டது.

"சார்! இத மொதல்லயே பண்ணியிருக்கலாமே!" என்றாள் அந்தப் பெண்.

நான் போனைப் பிடுங்கிக்கொண்டேன். வீடியோ இருந்தது. ஃபேன் இருந்தது, பிடரி இருந்தது. கடையிலேயே நெஞ்சோடு வைத்துக்கொண்டேன், வெட்கமாவது ஒன்றாவது. அப்புறம்தான் கேட்கத் தோன்றியது. "உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"வூட்டுக்குப் போயி சொல்றன்."

வழியெல்லாம் கேட்டேன். "வூட்டுக்குப் போவலாம், வா." வீட்டுக்கு வந்ததும் ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறினார். விழுந்து தொலைக்கப் போகிறீர்கள் என்று நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். மூட்டையைத் துழாவி, பேப்பர் சுற்றியிருந்த டிபன் டப்பாவை எடுத்து, மூடியை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இன்னா போட்டிருக்குது, படி."

படித்தேன். 3871.

"என் நம்பரு முப்பத்தெட்டு பதினேழு" என்றார், ஸ்டூலின் மேலிருந்தபடியே.

அந்த டப்பாவின் கதையைச் சொன்னால்தான் புரியும். கல்யாணமான முதல் வருஷம். அவர் செக்‌ஷனில் அவர் பேரிலேயே இன்னும் இரண்டு பேர். எல்லோரும் ஒரே மாதிரி எவர்சில்வர் டப்பாதான் கொண்டுபோவார்கள். ஒரு நாள் இவர் யாருடைய கருவாட்டுக் குழம்பையோ சாப்பிட்டுவிட்டு வந்தார், என் கத்தரிக்காய்ப் பொரியல் வேறெங்கோ போய்விட்டது. எனக்கு அது பொறுக்கவில்லை. புது டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு, நம்பர் வெட்டி வாங்கி வர மந்தாரக்குப்பம் பாத்திரக் கடைக்குப் போனேன். பேரைத்தானே எல்லோரும் வெட்டுவார்கள், நம்பர் எதற்கு என்று கடைக்காரர் கேட்டார். நான் புருஷன் பேரைச் சொல்லமாட்டேன். அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்வதில்லை, இதை எழுதும்போதுகூடச் சொல்லவில்லை பாருங்கள். நம்பரைத்தான் சொன்னேன். பஸ்ஸைத் தவறவிட்டு, சித்திரை வெயிலில் க்வார்ட்டர்ஸ் வரைக்கும் நடந்தே வந்தேன். சாயங்காலம் அவர் கையில் கொடுத்தேன். மூடியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லா இருக்குது" என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் ஒரு மாதம் பூரித்துக் கிடந்தேன்.

அதற்குப் பிறகு என் கண்ணுக்குத் தெரிந்த அவர் நம்பர் அதுதான். தினமும் அதைத்தானே தேய்த்துக் கழுவினேன். மெடிக்கல் புத்தகத்திலும் மற்ற காகிதங்களிலும் சரியான நம்பர் இருந்திருக்கும். ஆஸ்பத்திரியில் புத்தகத்தை நீட்டுவேன், அவர்கள் பார்த்து எழுதிக்கொள்வார்கள், நான் எதற்கு அதை உட்கார்ந்து படிக்கப் போகிறேன்? பூட்டுப் போட்ட அன்றும் டப்பா மடியில்தான் இருந்தது. அதைப் பார்த்துத்தான் போட்டிருக்கிறேன்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"வெயில்ல நடந்து வந்து மூஞ்சி செவந்து போயி நின்னுகினு இருந்த. இன்னாத்தச் சொல்றது?"

"சரி, அடுத்த நாள்?"

"அடுத்த நாளு நீ கோவமா இருந்த."

"அதுக்கு அடுத்த நாள்?"

"நீ கோவமா இல்லாத நாளாப் பாத்து சொல்லலாம்னுதான் முப்பத்திமூணு வருஷமா பாத்துகினு இருந்தன்."

கைக்கு எட்டிய கரண்டியை ஓங்கினேன். அவர் ஸ்டூலில் இருந்தார், பிழைத்தார்.

அதோடு முடியவில்லை. 3871 என்று நிஜமாகவே ஒருவர் இருந்திருக்கிறார், அதே செக்‌ஷனில். "எம் பேர்ல ஆக்கிப் போட்ட சோத்த நீ துன்னுகினு இருக்கிற" என்று தினமும் மூடியைத் தட்டிக் கேட்பாராம். செக்‌ஷன் முழுக்க அவரை இவருடைய பங்காளி என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். வழியனுப்பு விழாவில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாராம். என்னைப் பார்த்துக் கும்பிடுகூடப் போட்டார், எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"அப்போ எல்லாருக்கும் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும். உனக்குச் சொல்லக் கூடாதுன்னு சொல்லி வச்சிருந்தன்."

"நாலு நாளா நான் பைத்தியம் மாதிரி திரியறேன். நம்பர் என்னன்னு அன்னைக்கே உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, இல்லே?"

"அன்னைக்கே தெரியும்" என்று ஒப்புக்கொண்டார். "போன நீ கீழ வச்சாத்தான நானா தெறந்து வைக்கறது. வாயால சொன்னா டப்பா கதை வெளிய வரும், அதுக்கு அழுவ. சொல்லலன்னா வீடியோ போயிடும், அதுக்கும் அழுவ. எதுக்கு அழுதா எனக்குத் தாங்கும்னு பாத்துகினு இருந்தன்."

கீழே உட்கார்ந்து வீடியோவைப் போட்டேன். எத்தனையோ தடவை கேட்டதுதான். அந்த டப்பாவுல சாப்ட்ட சாப்பாடுதான் நானு. கூட்டம் சிரிக்கிறது. கூச்சப்படுகிற மனுஷன் பேசுகிறானே என்று சிரிக்கிறார்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். சிரிப்புக்கு நடுவில் ஒருவர் கத்துகிறார். "நம்பரச் சொல்லுப்பா!" இவர் சொல்கிறார், "அதெல்லாம் சொல்ல மாட்டன்." ஃபேன் சுற்றுகிறது. நான் அந்தப் பக்கம் எதுவும் தெரியாமல் மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்கிறது. புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதேன். அவர் பயந்ததுபோலவே ஆயிற்று. ஆனால் எனக்கு அது நன்றாக இருந்தது.

கடைக்காரர்தான் தப்பாக வெட்டினார் என்று நான் இன்றைக்கும் சொல்கிறேன். நான்தான் மாற்றிச் சொல்லியிருப்பேன் என்று அவர் சொல்கிறார். அந்த வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. பாஸ்வேர்டை மாற்றச் சொன்னாள் மகள், மாற்றவில்லை. டப்பா பரணுக்குத் திரும்பிப் போகவில்லை, காப்பித்தூளோடு அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது.

வீடியோவை யாருக்கும் காட்டுவதை மட்டும் நிறுத்திவிட்டேன். ஏனோ அதற்கு மேல் தோன்றவில்லை. போன வாரம் எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த தம்பதி வந்திருந்தார்கள். காப்பி கொடுத்தேன், வீட்டைச் சுற்றிக் காட்டினேன். இவர் நாற்காலியில் நெளிந்தார்.

"ஏன், அத்தப் போடலியா?"

"எதை?"

"அத்ததான்."

"எனக்கு நம்பர் மறந்துபோச்சு" என்றேன்.

என் கையிலிருந்து போனை வாங்கினார். யாரையும் பார்க்காமல் நாலு எண்ணை அழுத்தினார், வீடியோவைத் தேடிப் போட்டார், அவர்கள் முன்னால் வைத்துவிட்டு, தம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டார். வந்தவர்கள் ஃபேனைப் பார்த்துக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். டப்பா வந்தது, சிரிப்பு வந்தது. "நம்பரச் சொல்லுப்பா!" என்று அந்த ஆள் கத்தினார்.

"அதெல்லாம் சொல்ல மாட்டன்" என்ற குரல் போனிலிருந்தும் வந்தது, அடுக்களையிலிருந்தும் வந்தது.